பங்களாவுக்கு லயம் வழியாகத்தான் போகணும்

காசு கொடுத்து நடக்க வருகிறவர்களுக்கு முன்னால் நடப்பதுதான் என் தொழில். துறைமுகத்தில் கிளார்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, சனி ஞாயிறு காலைகளில் கிள்ளான் கொமுட்டர் ரயில் ஸ்டேஷன் வாசலில் சிவப்புத் தொப்பியோடு நிற்கிறேன். பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் பங்சாரிலிருந்தும் வந்து இறங்குகிறவர்களை வேனில் ஏற்றி, கேரி தீவுப் பக்கம் இருக்கும் ஒரு பழைய ரப்பர் தோட்டத்துக்குக் கூட்டிப் போவேன். தோட்டத்துத் தண்ணீருக்காக அந்தக் காலத்தில் வெட்டிய ஏரி, அதைச் சுற்றி வளர்ந்துவிட்ட காடு, அதைத் தாண்டினால் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள், ஒரு முனியாண்டி கோயில், கடைசியில் துரை பங்களா. பங்களா இப்போது ஹோட்டல். அங்கே டீ குடித்துவிட்டு வேன் ஏறினால் நடை முடிந்தது. சொந்தக்காரர்கள் பத்துப் பேரை ஒரே நேரத்தில் வீட்டைவிட்டுக் கிளப்பிப் பார்த்தவர் யாராக இருந்தாலும், நீங்கள் என் கட்சி.

குரங்கோடு ஒரு வழக்கு

எங்கள் நோட்டீசில் ‘சுலபமான நடை’ என்று போட்டிருக்கும். அதை நம்பி பங்சார் வக்கீல் அம்மாள் ஒருவர் கடைத்தெருவுக்குப் போகிற செருப்போடு வந்துவிட்டார். ஏரிக்கரையின் முதல் சேற்றிலேயே ஒரு செருப்பு மாட்டிக்கொண்டது. நான் குனிந்து அதைப் பிடுங்குவதற்குள், மரத்திலிருந்து இறங்கிய குரங்கு ஒன்று அவர் கையிலிருந்த கறிபாப் பலகாரப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு கிளையில் போய் உட்கார்ந்தது.

அம்மாள் ஒற்றைச் செருப்போடு நின்று, விரலை நீட்டி, குரங்கை ஆங்கிலத்தில் ஒரு பிடி பிடித்தார். குரங்கு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டது, கறிபாப்பையும் பொறுமையாகத் தின்றது, கடைசியில் காகிதத்தை மட்டும் கீழே போட்டது. “வேனுக்குத் திரும்பிடலாமா மேடம்?” என்று கேட்டேன். அவர் இன்னொரு செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

“நான் ஏன் திரும்பணும்? அதத் திரும்பச் சொல்லுங்க லா!”

ஆபீசில் உதித்த யோசனை

இந்த நடைகளை நடத்தும் கம்பெனியின் முதலாளி பிரகாஷ். என் வயதில் பாதி. பங்சாரில் ஒரு கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். நல்ல பிள்ளைதான், ஆனால் யோசனை நிறைய வரும். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, லயத்தை வழியிலிருந்து எடுத்துவிடலாமா என்றான். ஏரி, காடு, நேராகப் பங்களா. கேட்டால், ஹோட்டல் மேனேஜர் குறைப்பட்டுக்கொண்டாராம். லயத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் சேற்றுக் காலோடும் தொங்கிய முகத்தோடும் வருகிறார்களாம், கேக்கைத் தொடுவதே இல்லையாம்.

நானும் ஒரு லயத்தில் பிறந்தவள்தான். அந்த வீட்டின் மேல் எனக்கு ஏக்கம் ஒன்றும் கிடையாது. ஒரே அறை, ஒழுகும் கூரை, பக்கத்து வீட்டுச் சண்டையெல்லாம் நம் வீட்டுச் சண்டை. அதை விட்டு வந்ததற்கு நான் ஒரு நாளும் வருந்தியதில்லை. ஆனால் பங்களாவை மட்டும் காட்டி, இதுதான் தோட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பால் மரம் வெட்டியவர்களும் தோளில் காண்டாக் கம்பு வைத்துப் பால் வாளி சுமந்தவர்களும் எங்கே தூங்கினார்கள், ஏரியிலா? லயம் இல்லையென்றால் நானும் இல்லை, வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். பிரகாஷ் தலையைச் சொறிந்தான்.

“அக்கா, சோகத்த யாரும் டிக்கெட் எடுத்துப் பாக்க மாட்டாங்க லா.”

சங்கிலி

பிரகாஷ் மசிந்தாலும் ஹோட்டல் மசியவில்லை. அடுத்த வாரம் போனால் லயத்துப் பாதையின் குறுக்கே ஒரு சங்கிலி. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒரு செக்யூரிட்டி. நம்ம தமிழ்ப் பிள்ளைதான். “உள்ள போக முடியாது அக்கா, ஆர்டர்” என்றான். எனக்குப் பின்னால் பன்னிரண்டு பேர், அதில் பாதிப் பேர் சீனர்கள்.

லயத்தைத் தாண்டித்தானே முனியாண்டி கோயில்? “சாமி கும்பிடப் போறோம். நீ தடுத்தேன்னு நான் அவருகிட்ட போய்ச் சொல்லட்டுமா?” என்றேன். திரும்பி எல்லாருக்கும் கண்ணைக் காட்டினேன். எல்லாரும் கையைக் கூப்பினார்கள். ஒரு சீன அங்கிள் அவசரத்தில் சங்கிலியையே கும்பிட்டுவிட்டார். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தான், கோயில் இருக்கும் பக்கம் பார்த்தான், எழுந்து சங்கிலியைத் தூக்கிப் பிடித்தான். நாங்கள் ஒவ்வொருவராகக் குனிந்து போனோம். கடைசி ஆள் நான். என் காதருகில் மெதுவாகச் சொன்னான்.

“எனக்கும் சேர்த்து ஒரு சூடம் ஏத்திருங்க அக்கா. தனியா உக்காந்திருக்க ஒரு மாதிரியா இருக்கு.”

பித்தளைத் தகடு

பங்களா வராந்தாவில் பளபளவென்று ஒரு பித்தளைத் தகடு உண்டு. ‘இந்த இல்லத்தைத் துரை தம் சொந்தக் கைகளால் எழுப்பினார்’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். கழுத்துப் பட்டை கட்டிய இளம் மேனேஜர் ஒவ்வொரு வாரமும் அதை நெஞ்சு நிமிர்த்திப் படித்துக் காட்டுவார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு டீ குடிப்பேன்.

ஒரு ஞாயிறு நடைக்குக் காதர் பாய் வந்திருந்தார். கிள்ளானில் ஜவுளிக்கடை. கடையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, டாக்டர் சொன்னார் என்று நடக்க ஆரம்பித்தவர். தகட்டின் முன்னால் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு வராந்தா முழுக்கக் கேட்கும்படி ஒரு போடு போட்டார். தமிழ் தெரிந்தவர்கள் உடனே சிரித்துவிட்டார்கள். தெரியாதவர்கள் என்னவென்று கேட்டார்கள், நான் மலாயிலும் ஆங்கிலத்திலும் கர்ம சிரத்தையாக மொழிபெயர்த்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் பெரிதாக வந்தது. மேனேஜர் சிரிக்கவில்லை. பாய் சொன்னது இதுதான்:

“சொந்தக் கையாலயா? அந்தத் துரை தன் காப்பிக்குத் தானே சீனி போட்டிருந்தாலே பேப்பர்ல வந்திருக்கும் பாஸ்!”

மழையில் பெருமாள் அங்கிள்

புகார் திங்கட்கிழமையே ஆபீசுக்குப் போய்விட்டது. பிரகாஷ் போன் செய்தான். “இந்த வாரம் நானே வரேன் அக்கா. இன்னொரு புகார் வந்துச்சுன்னா லயம் கட். என்னால ஒண்ணும் செய்ய முடியாது.” தாராளமாக வா, ஆனால் லயம் வழியாகத்தான் கூட்டிப் போவேன் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். வீம்பாகப் பேசிவிட்டேனே தவிர, அந்த வாரம் முழுக்க எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. இந்த நடை போய்விட்டால் அந்த லயங்களைப் பற்றி வாயைத் திறக்க அங்கே ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

ஞாயிறு காலை ஏரியைத் தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கூட்டத்தில் பெருமாள் அங்கிள் என்று ஒருவர். எண்பதை நெருங்குகிறவர், கிள்ளானில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர், பிறந்தது வேறொரு தோட்டம். செக்யூரிட்டிப் பிள்ளை வழக்கம்போலச் சங்கிலியைத் தூக்கிப் பிடித்தான். லயத்தில் எல்லாரும் கேள்வி கேட்டார்கள். அங்கிள் மட்டும் தன் கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

பங்களா வாசலை ஒட்டிப் போவது பொதுச் சாலை. அந்த வாசல் நெருங்கியதும் அங்கிள் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஓரமாக ஒதுங்கி, கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டே நடந்தார். பிரகாஷ் பதறிப்போய், “என்ன அங்கிள், குடை ரிப்பேரா?” என்று ஓடினான். “இல்ல தம்பி, துரை பங்களா…” என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். தன் கையைப் பார்த்தார்.

“எங்க தோட்டத்துல பங்களாவ தாண்டுறப்ப குடை பிடிக்கக்கூடாது. சைக்கிள்ல வந்தா எறங்கித் தள்ளணும். சின்னப் பிள்ளையில நான் மறந்துட்டா, எங்கப்பா கைய நீட்டி என் குடைய மடக்கிடுவாரு. துரையெல்லாம் எப்பவோ கப்பல் ஏறிட்டான். இந்தக் கை இன்னும் மடக்குது பாரேன்” என்றார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது, மழை பெய்ததால் யாருக்கும் தெரியவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்லலாமென்று நான் வார்த்தை தேடுவதற்குள் அங்கிள் திரும்பி நடக்க ஆரம்பித்தார். சாலை வளைவு வரை போனார். குடையை விரித்தார். சாலையின் நட்ட நடுவில், அவசரமே இல்லாமல், பங்களா வாசலைக் கடந்து வந்தார். எங்களைத் தாண்டிப் போய் மறுபடியும் திரும்பினார். இந்தத் தடவை காதர் பாய் தன் குடையோடு கூடச் சேர்ந்துகொண்டார். அடுத்து நான். அதற்கடுத்து எல்லாரும். குடை கொண்டுவராத பிரகாஷ் அங்கிளின் குடைக்குள் புகுந்துகொண்டான்.

மேனேஜர் வராந்தாப் படியில் வந்து நின்று, டீ ஆறிப்போகிறது, இதென்ன ஊர்வலம் என்று மலாயில் கத்தினார். அங்கிள் நடையை நிறுத்தாமலே பதில் சொன்னார்.

“டீ கெடக்கட்டும் தம்பி. நான் இன்னொரு தடவ போய்ட்டு வரேன்.”

வேனில் வந்த போன்

திரும்பும் வழியில் பிரகாஷின் போன் அடித்தது. மேனேஜர்தான். ஸ்பீக்கரில் போட்டான். இனிமேல் லயத்துப் பக்கம் போகாமல் வருவதாக இருந்தால் வரலாம், இல்லையென்றால் டீயும் இல்லை, ஹோட்டலோடு ஒப்பந்தமும் இல்லை. தலையிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பிரகாஷ் கையால் வழித்துவிட்டுக்கொண்டான். நான் என் சிவப்புத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன், திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்குமே என்று. அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனில் சொன்னான்.

“பாஸ், டீய நீங்களே வெச்சுக்குங்க. ரோடு உங்களோடது இல்ல, அடுத்த வாரமும் நாங்க லயம் வழியாத்தான் வருவோம்.”

ஆக, இப்போதெல்லாம் லயத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து பிளாஸ்க் டீ குடித்துவிட்டு, மழையோ வெயிலோ, துரை பங்களா வாசலைக் குடை விரித்தபடிதான் கடக்கிறோம். இதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, கேட்கிற உத்தேசமும் இல்லை.