மாட்டுக்கு ஓர் அடிக்குறிப்பு

எனக்கு ஞாபகசக்தி அதிகம். இதைத் தன்னடக்கத்தோடு சொல்ல எனக்கு வராது. வடக்கனந்தலில் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் வருடந்தோறும் மனப்பாட வசனப் போட்டி நடக்கும். வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதத்தை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை தடங்கல் இல்லாமல் ஒப்பிக்க வேண்டும். ஒரு சொல் மாறினாலும் மதிப்பெண் போய்விடும். ஏழு வருடம் தொடர்ந்து முதல் பரிசு எனக்குத்தான். எங்கள் வீட்டில் இருக்கும் எவர்சில்வர் டிபன் பாக்ஸ்களில் பாதி அப்படி வந்தவை.

கள்ளக்குறிச்சியில் பி.காம். படித்தபோதும் அதே கதைதான். வணிகச் சட்டம் நடத்திய பேராசிரியர் விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போதெல்லாம், "சொந்தமா ஒரு வரியும் எழுதி வைக்காதீங்க. புக்குல இன்னா இருக்குதோ அத எழுதுங்க, மார்க்கு தானா வரும்" என்பார். நான் கமாகூட மாறாமல் எழுதினேன். மார்க்கும் தானாக வந்தது.

அதன் பிறகு பதினான்கு வருடமாக ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் உதவியாளர் வேலை. கணக்கு முழுவதும் என் கையில். ஆனால் சட்டம் என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும், ஆடிட்டர் சென்னையில் இருக்கும் ஒரு வக்கீலுக்குப் போன் போடுவார். அங்கிருந்து வரும் பதிலை நான்தான் டைப் அடிப்பேன். 'இதைச் சொல்ல இவர் எதற்கு' என்று எத்தனையோ நாள் பல்லைக் கடித்திருக்கிறேன். அந்தப் போன் எனக்கு வர வேண்டும். நிதியும் நிதிச் சட்டமும் சேர்ந்த முதுகலைப் படிப்பை, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் தொலைதூரக் கல்வியாகப் படிப்பது என்று முப்பத்தாறு வயதில் நான் முடிவெடுத்தது அதற்காகத்தான்.

என் கணவர் ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தர். எதையும் ஒரு தடவை கிண்டல் செய்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வார்.

"பொண்ணும் நீயும் ஒண்ணா பரீட்சைக்குப் போகப் போறீங்களா?"

"ஆமாங்க. ரெண்டு பேருக்கும் நீங்கதான் சாப்பாடு கட்டிக்கினு வரணும்" என்றேன்.

படிப்பை விட்டு நெடுநாள் ஆனவர்கள் முதலில் ஒரு தகுதிக் கட்டுரை எழுதி அனுப்ப வேண்டும் என்பது அங்கே விதி. அது தேறினால் இடம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. தலைப்பு இதுதான்: 'கம்பெனியின் கடன் கம்பெனியுடையது, அதன் உறுப்பினர்களுடையது அல்ல. இது எந்த அளவுக்குச் சரி?'

இதெல்லாம் ஒரு கேள்வியா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கம்பெனிச் சட்டத்தைப் பற்றித் தலையணை பருமனில் ஓர் ஆங்கிலப் புத்தகம் வாங்கினேன். காலையில் வடக்கனந்தலிலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இரண்டு மாதம் அதை உருப்போட்டேன். உதடு மட்டும் அசையும். கண்டக்டர் நான் ஜெபம் பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, எல்லோருக்கும் டிக்கெட் கொடுத்துவிட்டு என்னிடம் கடைசியில் வருவார். அவரைத் திருத்த எனக்கு நேரமில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் அலுவலகத்தில் உட்கார்ந்து இரண்டு மணி நேரத்தில் கட்டுரையை எழுதி முடித்தேன். புத்தகம் பைக்குள் இருந்தது. ஒரு தடவைகூட அதைத் திறக்கவில்லை. அனுப்பிவிட்டு, படிப்புக்கென்று புதிதாக ஒரு பையும் வாங்கிவிட்டேன்.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. என் கட்டுரையின் முக்கால் பாகம், ஏற்கெனவே அச்சில் வந்த ஒரு புத்தகத்தோடு அப்படியே ஒத்துப்போகிறதாம். இது நகல் எடுத்ததாகக் கருதப்படுமாம். இருபது நாளுக்குள் சொந்த நடையில் வேறு கட்டுரை அனுப்பலாமாம், மூன்றாவது வாய்ப்பு கிடையாதாம்.

நான் காப்பி அடித்தேனாம்! எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. பிட் வைத்திருந்த பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வெறுங்கையோடு பரீட்சை எழுதியவள் நான். உடனே பதில் அடித்தேன். 'ஐயா, நான் எந்தப் புத்தகத்தையும் பார்த்து எழுதவில்லை. ஒவ்வொரு வரியும் என் ஞாபகத்திலிருந்து எழுதியது. சந்தேகம் இருந்தால் வீடியோவில் வாருங்கள், புத்தகத்தின் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் ஒப்பிக்கிறேன்.' அனுப்பியும் விட்டேன். அதற்குப் பிறகுதான் கணவரிடம் காட்டினேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சொன்னார். "பூட்ட உடைக்கலீங்க, எங்கிட்ட சாவி இருந்துச்சின்னு திருடனே போலீசுக்கு எழுதிக் குடுத்தாப்பல இருக்குது."

அன்று அவரோடு நான் பேசவில்லை. ஆனால் மறுநாள் வந்த பதிலும் அதையேதான் இன்னும் மரியாதையாகச் சொன்னது. என் வெளிப்படையான பேச்சுக்கு நன்றியாம். ஞாபகத்திலிருந்து எழுதினாலும் அது இன்னொருவர் எழுதியதுதானாம். இந்தத் தலைப்பைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்பதுதான் அவர்களுக்கு வேண்டுமாம்.

நான் என்ன நினைக்கிறேன்? படித்த இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி இது. சரி, கேட்டுவிட்டார்கள், எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். முதல் வரி வந்தது. அது புத்தகத்தின் வரி, கோடு போட்டு அடித்தேன். அடுத்ததும் புத்தகத்தின் வரிதான். அகராதியை வைத்துக்கொண்டு சொற்களை மட்டும் மாற்றிப் பார்த்தேன். பள்ளிக்கூட நாடகத்தில் ஒட்டுமீசை வைத்த பெண்பிள்ளை மாதிரி இருந்தது. சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை என்று மற்றவர்களை எவ்வளவோ கேலி பேசியிருக்கிறேன். என்னைப் பற்றி அப்படித் தோன்றியது அதுதான் முதல் தடவை, அழுகையே வந்துவிட்டது. இப்படியே பதினாறு நாள் போனது.

பதினேழாம் நாள் ஆடிட்டர் கூப்பிட்டார். மலைமேல் இருக்கும் கரியாலூரில் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஓர் உற்பத்தியாளர் கம்பெனிக்கு நாங்கள்தான் கணக்குப் பார்க்கிறோம். மலையில் விளையும் சாமையையும் குச்சிக்கிழங்கையும் மொத்தமாக வாங்கி விற்கும் கம்பெனி அது. அன்றைக்கு அதன் ஆண்டுக் கூட்டம். "எனக்கு முட்டிவலி, வளைவுல உக்காந்துக்கினு வர முடியாது. நீ போய்ப் படிச்சிட்டு வந்துடும்மா" என்றார். படிப்பது என்றால் வரவு செலவு அறிக்கையைச் சத்தமாக வாசிப்பது. போன வருடம் அவர் வாசித்தது எனக்கு இன்னும் மனப்பாடமாக இருந்தது.

கோமுகி அணையைத் தாண்டி பஸ் மலையேறியது. கூட்டம் கம்பெனியின் கிடங்கிலேயே நடந்தது. ஒரு பக்கம் சாமை மூட்டைகள், மறுபக்கம் பாயில் அறுபது எழுபது பேர், பாதிக்கு மேல் பெண்கள். நான் வாசித்து முடித்தேன். "ஏதாவது கேள்வி இருந்தா கேளுங்க" என்றேன். இதுவும் அறிக்கையின் கடைசி வரி, அவ்வளவுதான். யாரும் கேட்க மாட்டார்கள். கை தட்டிவிட்டுச் சாப்பாட்டுக்கு எழுந்துவிடுவது அங்கே வழக்கம். வெளியே பிரியாணி அண்டாவின் மூடியைக்கூடத் திறந்துவிட்டார்கள்.

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். கம்பெனியின் ஐந்து டைரக்டர்களில் ஒருத்தி என்று பிறகு தெரிந்தது.

"அக்கா, சாம குத்தற மிஷினு வாங்க கம்பெனி லோன் போடுதில்ல? நாளைக்கி கம்பெனியால கட்ட முடியலைன்னா, எங்க வூட்டு கறவ மாட்ட ஓட்டிக்கினு போவாங்களா?"

என் கட்டுரைத் தலைப்பேதான். எனக்குக் குதூகலம் தாங்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, புத்தகத்தில் இருந்ததைத் தமிழாக்கிக் கொட்டினேன். "கம்பெனி என்பது சட்டத்தால் உருவாக்கப்பட்ட செயற்கை நபர். அது தன் உறுப்பினர்களிலிருந்து தனித்து நிற்பது. உறுப்பினரின் பொறுப்பு அவர் வாங்கிய பங்கின் அளவுக்கு மட்டுமே."

அவள் பொறுமையாகக் கேட்டாள். "அதெல்லாம் சரிக்கா. மாடு வூட்லயே இருக்குமா, பூடுமா? அத சொல்லுங்க."

"ஒரு ஆளும் உன் மாட்டத் தொட முடியாதும்மா" என்றேன். பாயில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அவள் உட்காரவில்லை. ஒரு நகைக்கடைப் பையிலிருந்து மடித்த காகிதங்களை எடுத்து நீட்டினாள். "அப்ப இது இன்னாக்கா? நாங்க அஞ்சு பேரும் இதுல கையெழுத்து போடணும்னு பேங்குலேர்ந்து குடுத்துட்டுப் போனாங்க. சாப்டுட்டு போடலாம்னு இருக்கறோம்."

வாங்கிப் படித்தேன். எல்லாம் ஆங்கிலம். கம்பெனி கட்டத் தவறினால் அந்தக் கடனுக்கு ஐந்து பேரும் தங்கள் சொந்தப் பொறுப்பில் ஜாமீன் நிற்கிறார்கள் என்று இரண்டாவது பக்கத்தில் தெளிவாகவே இருந்தது. எனக்குக் காது சுட்டது. ஜாமீனைப் பற்றிய அத்தியாயமும் எனக்குத் தலைகீழ்ப் பாடம்தான். ஆனால் அந்த அத்தியாயமும் கம்பெனி அத்தியாயமும் என் தலைக்குள் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்தும் ஒன்றோடொன்று பேசியதே இல்லை. நான் பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கீழே இறங்கியிருப்பேன். என் பேச்சை நம்பி அவள் கையெழுத்துப் போட்டிருப்பாள்.

கைதட்டியவர்கள் முன்னாலேயே சொன்னதைத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. புத்தகத்தில் இதற்கு வரி கிடையாது. நானேதான் பேச வேண்டியிருந்தது.

"நான் இப்ப சொன்னது பாதிதாம்மா. கம்பெனி வேற ஆளு, நீ வேற ஆளு. நடுவுல சட்டம் ஒரு வரப்பு போட்டு வச்சிருக்குது. அந்தப் பக்கத்துக் கடன் இந்தப் பக்கம் வராது. ஆனா இந்த பேப்பர்ல கையெழுத்து போட்டா, அந்த வரப்ப நீயே வெட்டி வுடற. அப்புறம் கம்பெனி கட்டலைன்னா உன்னத்தான் கேப்பாங்க."

"மாட்ட?"

"மாட்டையும்தான் கேக்கலாம்."

"அப்ப இப்பதான ஒரு ஆளும் தொட முடியாதுன்னீங்க?"

"மனப்பாடமா சொல்லிட்டேன், யோசிக்கல" என்றேன். வாழ்க்கையில் முதன்முதலாகச் சொந்த நடையில் சொன்ன வரி அதுவாகத்தான் இருக்கும். அவள் முறைத்துப் பார்த்துவிட்டு, பிறகு சிரித்துவிட்டாள். பாயில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

பிரியாணி ஆறும்வரை பேச்சு போனது. "எங்க மாடு எதுக்கு? இந்தா இருக்குது சாம மூட்ட, மிஷினும் வந்துடும். அத புடிச்சிக்கினு லோன் குடுக்கட்டும்" என்றாள் அவள். அப்படிக் கேட்டுப் பார்ப்பது என்று தீர்மானம் ஆயிற்று. அதை நான்தான் எழுதிக் கொடுத்தேன். கையெழுத்தில்லாத காகிதங்கள் மறுபடியும் நகைக்கடைப் பைக்குள் போயின.

கீழே இறங்கும் பஸ்ஸில் கூட்ட நோட்டீஸின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். முதல் வரியிலேயே மாடு வந்துவிட்டது. வரப்பை யார் போடுகிறார்கள், யார் வெட்டச் சொல்கிறார்கள், வெட்டுகிறவருக்கு அது தெரியுமா என்று போய்க்கொண்டே இருந்தது. வளைவுகளில் கோணல் மாணலாக வந்த எழுத்தை வீட்டில் உட்கார்ந்து ஆங்கிலமாக்கினேன். அதில் இலக்கணம் அங்கங்கே நொண்டியது. தலைப்பின் கடைசியில் இருந்த 'எந்த அளவுக்குச் சரி' என்ற கேள்விக்கு முதல் கட்டுரையில் நான் பதிலே எழுதவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பத்தொன்பதாம் நாள் அனுப்பினேன். இது தேறும் என்று எனக்குத் தெரியும். பழைய திமிர்தான், ஆனால் இந்தத் தடவை அதற்குக் காரணம் இருந்தது.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. கட்டுரையை ஏற்றுக்கொள்கிறார்களாம். ஒரே ஒரு குறைதானாம். மாட்டைப் பற்றிய எடுத்துக்காட்டு எந்த நூலிலிருந்து எடுத்தது என்று குறிப்பிடவில்லையாம். அதற்கு ஓர் அடிக்குறிப்பு சேர்த்து அனுப்பினால் இடம் உறுதியாம். ஒரு புத்தகத்தையே விழுங்கி எழுதியபோது யார் எழுதியது என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றாதவள் நான். இப்போது என்னிடம் ஆதாரம் கேட்கிறார்கள். எனக்குச் சந்தோஷம் பொங்கியது.

கரியாலூரில் கேள்வி கேட்ட அந்தப் பெண்ணிடம் கேட்காமல் எழுதக் கூடாது என்று போன் போட்டேன். மலையில் சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு அவள் வந்து பேசுவதற்குள் நாலு தடவை கட்டானது. பேங்கில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்களாம், அதுவரை யாரும் கையெழுத்துப் போடவில்லையாம். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"என் பேரு வேணாங்கக்கா. வேற இன்னான்னு எழுதியிருக்கறீங்க?"

வாசித்துக் காட்டினேன். "கரியாலூர் உற்பத்தியாளர் கம்பெனியின் பெண் உறுப்பினர் ஒருவர், ஆண்டுக் கூட்டத்தில் நேரில் கேட்ட கேள்வி."

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

"உறுப்பினர்னு போடாதீங்கக்கா. மத்த உறுப்பினருங்க கிட்ட ஜாமீன் கேக்கல, டைரக்டருங்க எங்க கிட்டத்தான கேட்டாங்க. டைரக்டர்னு போடுங்க."

உறுப்பினர் என்பதை அடித்துவிட்டு டைரக்டர் என்று போட்டு அனுப்பினேன். மறுநாள் மதியம் எனக்கு இடம் கிடைத்த கடிதம் வந்தது.