கண்ணாடி லோடும் என் வாயும்

எனக்குக் கோபம் வரும். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. முதலியார்பேட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். கல்யாணமான புதிதில் ஒருநாள் குறுக்கே வந்த ஆட்டோக்காரரோடு நடுரோட்டில் இறங்கி மல்லுக்கு நின்றேன். நான் சண்டையை முடித்துத் திரும்புவதற்குள், வண்டியில் உட்கார்ந்திருந்த என் மனைவி ஒரு பொட்டலம் வறுகடலையைத் தின்றே முடித்திருந்தாள். இன்றைக்கும் நான் குரலை உயர்த்தினால் போதும், “கடல வாங்கியாரட்டுமா?” என்று கேட்பாள்.

இப்பேர்ப்பட்ட நான்தான் கண்ணாடி லோடு வேண்டும் என்று கேட்டேன்.

எங்கள் லாரி ஆபீஸ் கடலூர் ரோட்டின் மேலேயே இருக்கிறது. அதை நடத்துகிறவர் ஒரு அக்கா. சொல்தா வீட்டுப் பெண், அதாவது அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். குஜராத்திலிருந்து கண்ணாடி ஏற்றிவருவதற்கென்றே அக்கா புது வண்டி ஒன்று எடுத்திருந்தார். ஏசி கேபின். ஆனால் நான் ஆசைப்பட்டது ஏசிக்காக இல்லை. எங்கள் தொழிலில் சிமெண்டை யாரிடமும் கொடுப்பார்கள், வெங்காயத்தை யாரிடமும் கொடுப்பார்கள். கண்ணாடியை நம்பிக் கொடுத்தால், நீ டிரைவர் என்று ஊருக்கே சொன்ன மாதிரி. இத்தனை வருடம் இந்தியா முழுக்க ஓட்டியும் அந்த ஒரு மரியாதை மட்டும் எனக்குக் கிடைக்கவில்லை.

அக்கா சிரித்தேவிட்டார். “தம்பி, நீ கோவப்பட்டா வெங்காயம் ஒடையாது. கண்ணாடி ஒடையும். உனுக்கு இன்னாத்துக்கு இந்த வம்பு?”

நான் நகரவில்லை. கடைசியில் அவரே இறங்கிவந்தார். “ஒரே ஒரு டிரிப் தரேன். ஒரு கண்ணாடில கீறல் வுழுந்தாலும் சாவிய வச்சிட்டுப் பழைய வண்டிக்கே போயிடணும். பெறவு கேக்கக் கூடாது.” வீராம்பட்டினம் போகிற வழியில் கட்டிக்கொண்டிருந்த கல்யாண மண்டபத்தின் முகப்புக்கான கண்ணாடிகள் அவை. ஒவ்வொன்றும் ஆள் உயரத்தைவிடப் பெரியது.

கண்ணாடியைப் படுக்கப் போட்டு ஏற்றமாட்டார்கள். இரும்புச் சட்டத்தில் சாய்த்து நிறுத்தி, இடையிடையே தக்கை கொடுத்து, பெல்ட் போட்டு இறுக்குவார்கள். கொஞ்ச தூரம் ஓடியதும் லோடு அசைந்து அமர்ந்துகொள்ளும், பெல்ட் தளரும். அதனால் முதலில் வருகிற பெட்ரோல் பங்கிலேயே நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். டயரைக் கம்பியால் தட்டிச் சத்தம் கேட்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இதில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

குறை வேறு இடத்தில் இருந்தது. குஜராத் எல்லையைத் தாண்டுவதற்குள்ளேயே ஒரு பஸ்காரன் என்னை ஒட்டி முந்திப் போய், மூக்குக்கு நேராக வளைத்து நிறுத்தி ஆள் ஏற்றினான். நான் பிரேக்கை மிதித்தேன். பின்னால் ‘கிண்’ என்று ஒரு சத்தம். ஓரம் கட்டி, இறங்கி ஓடிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை, கண்ணாடி சட்டத்தில் லேசாகத் தட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

அங்கேயே நின்று யோசித்தேன். அந்த பஸ் வருவது எனக்கு முன்பே தெரியும். முன்பே காலைத் தளர்த்தியிருக்கலாம். ‘இவனுக்கு நான் வழி விடுவதா’ என்று ஆக்சிலேட்டரை அழுத்தியது என் கால்தான். கோபம் வருவதை நிறுத்துவது இந்தப் பிறவியில் என்னால் ஆகாது. ஆனால் வந்த கோபம் காலுக்கு இறங்காமல் பார்த்துக்கொள்ளலாம் இல்லையா? வாய் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். காலுக்கு மட்டும் தெரியக் கூடாது.

அதன்பிறகு கேபின் ஜன்னல் கண்ணாடியை ஏற்றி மூடிவிட்டேன். மகாராஷ்டிரத்து மலை இறக்கத்தில் சின்ன கியரில் ஊர்ந்து வந்தேன். பின்னால் ஒரு கார் விடாமல் ஹாரன் அடித்தது. அவனுடைய பரம்பரையையே வரிசையாகக் கூப்பிட்டுத் திட்டினேன். வண்டி தொட்டில் மாதிரி இறங்கியது. கர்நாடகம் முழுக்க அப்படித்தான். தொண்டை கட்டிக்கொண்டது. கண்ணாடி ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசிச் சோதனை சொந்த ஊரில் வந்தது. சனிக்கிழமை காலை, கடலூர் ரோடு முழுக்க வெளியூர்க் கூட்டம். எங்கள் ஆபீசுக்கு முன்னால் அக்கா நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். எதிரே கடை வாசலில் கையில் பையோடு என் மனைவி. அந்த நேரம் பார்த்து, வாடகை ஸ்கூட்டரில் வந்த இரண்டு பையன்கள் என் வண்டிக்கு முன்னால் புகுந்து, செல்போனில் எதையோ பார்ப்பதற்காகச் சட்டென்று நின்றுவிட்டார்கள்.

நான் ஏற்கெனவே இடம் விட்டு வந்துகொண்டிருந்தேன். கால் தானாகவே மெல்ல அமுங்கியது. ஸ்கூட்டருக்கு ஒரு கை தூரத்தில் வண்டி நின்றது. பின்னால் சத்தமே இல்லை. ஸ்கூட்டரின் பின்சீட்டில் இருந்தவன் இறங்கிவந்து என் கதவைத் தட்டி, “ஏய், பாத்து வர மாட்டியா?” என்று என்னையே அதட்டினான். முதலியார்பேட்டையே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. மூடிய ஜன்னலுக்குள் நான் சொன்னது எதையும் இங்கே எழுத முடியாது. ஒன்றும் காதில் விழாமல் அவன் சலித்துப்போய் ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டான். நான் கியரைப் போட்டேன்.

மண்டபத்தில் ஒவ்வொரு கண்ணாடியாக இறக்கினார்கள். பின்னாலேயே வந்துவிட்ட அக்கா, ஒன்று விடாமல் விளிம்பெல்லாம் விரலால் தடவிப் பார்த்தார். கடைசிக் கண்ணாடியும் சுவரில் சாய்ந்து முழுசாக நின்றபோது நான் சாவியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“பாத்தேன் தம்பி. வாய் இன்னா ஆட்டம் ஆடுச்சு! வண்டி ஆடலியே. நீயே வச்சிக்கோ.”

சந்தோஷத்தில் எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது.

அதற்குள் என் மனைவியும் ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். நேராக வந்து பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தாள். வறுகடலை. பிரிக்கவே இல்லை.

“வண்டி நின்னதுமே ஓடிப்போயி வாங்கினேன்,” என்றாள். “வீணாப் போச்சு.”

கண்ணாடி வண்டியின் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஒன்று மிச்சமில்லாமல் நானே தின்றேன்.