மவுஸ்ல இருந்து கையை எடுங்க!

ஈரத் துணி வாளியின் விளிம்பில் டேப்லெட்டைச் சாய்த்து வைத்து, கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு, திரையில் விரலை இழுக்கிறார் அத்தான். தோளுக்கும் காதுக்கும் நடுவே போன். எங்கோ ஒரு பள்ளி அலுவலகத்தில் பிரிண்டர் மக்கர் செய்கிறது. “மேடம், மவுஸ்ல இருந்து கையை எடுங்க. நான்தான் உள்ள இருக்கேன்ல? ஒரு ஸ்டியரிங்கை ரெண்டு பேர் பிடிச்சா வண்டி எங்க போகும்?”

கொடியில் ஒற்றைச் சட்டை மட்டும் தொங்குகிறது. மீதித் துணியை அக்காதான் வந்து காயப்போட வேண்டும்.

பள்ளிகள், ஆஸ்பத்திரிகளின் கம்ப்யூட்டர்களுக்குள் தூரத்திலிருந்தே நுழைந்து பழுது பார்ப்பது அவர் வேலை. ஊரில் உள்ள கம்ப்யூட்டர் எல்லாம் சொன்ன பேச்சு கேட்கும். வீட்டுக் குழாய் மட்டும் ஒழுகிக்கொண்டே இருக்கும். “அதுக்கும் ஒரு பாஸ்வேர்டு இருந்திருந்தா உங்க அத்தான் எப்பவோ சரி பண்ணியிருப்பாரு” என்பாள் அக்கா.

அத்தானுக்குப் பிடிக்காத வாக்கியம் ஒன்று உண்டு. “‘நான் ஒண்ணுமே பண்ணல சார், தானா ஆயிடுச்சு’ன்னு சொல்றாங்க பாரு மச்சான், அவங்களை எல்லாம் ஒரே ரூம்ல போட்டுப் பூட்டணும்.”

போன வாரம் சலூனுக்கு அவரோடு போனேன். கன்னமெல்லாம் சோப்பு நுரை பூசி, சலூன்காரர் கத்தியை எடுத்த நேரம் போன் அடித்தது. ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரிலிருந்து நர்ஸ். ஒரு குழந்தை பொம்மைக்குள் இருந்த பட்டன் பேட்டரியை விழுங்கிவிட்டது. எக்ஸ்ரே படம் தியேட்டர் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை. டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

போர்த்திய துணிக்கு மேலேயே டேப்லெட்டை வைத்துக்கொண்டார் அத்தான். ஸ்பீக்கரில் போட்டு போனை நான் பிடித்துக்கொண்டேன். தியேட்டர் கம்ப்யூட்டரின் திரை டேப்லெட்டில் வந்தது. ஆனால் அம்புக்குறி பேய் பிடித்தது போல் ஓடியது. திறந்ததை மூடியது, மூடியதைத் திறந்தது.

“தங்கச்சி, கையை எடும்மா!”

“நான் தொடவே இல்ல சார்!”

“அப்ப தானா ஓடுதா? குழந்தை உயிரும்மா! விளையாடுற நேரமா இது?”

“சத்தியமா சார், கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறேன்!” நர்ஸின் குரல் உடைந்தது.

சலூன்காரர் எட்டிப் பார்த்தார். துண்டின் நுனியால் டேப்லெட் திரையின் மூலையைத் துடைத்தார். அத்தானின் தாடையிலிருந்து சொட்டிய நுரை அங்கே வழிந்திருந்தது.

அம்புக்குறி நின்றது.

அத்தான் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கையை நீட்டி, ஒற்றை விரலால் தட்டினார். படம் திறந்தது. குட்டித் தொண்டையில் வட்டமாக ஒரு வெள்ளைப் புள்ளி. “சரி, தெரியுது” என்றது டாக்டரின் குரல். போன் கட்டானது.

கன்னத்து நுரை காய்ந்து வெடித்தது. மறுபடி போன் அடித்தபோது முதல் மணியிலேயே எடுத்தேன்.

“எடுத்தாச்சு சார். குழந்தை நல்லா இருக்கு.”

அத்தான் தொண்டையைச் செருமினார். “தப்பு என் மேலதாம்மா. சோப்பு.”

“என்ன சோப்பு சார்?”

“ஒண்ணுமில்ல. நீ தொடலம்மா. நீ எதையுமே தொடல.”

டேப்லெட்டை என்னிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். சலூன்காரர் புதிதாக நுரை பூசத் தொடங்கினார். போர்த்திய துணிக்கு அடியில், முழங்கால் மேல், அவருடைய சுட்டுவிரல் மட்டும் எதையோ இடமும் வலமுமாக இழுத்துக்கொண்டே இருந்தது.