மருந்துத் தாள் இங்கிலீஷ்

போன வாரம் நெய்யாற்றின்கரையில் பிரஷர் மாத்திரை வாங்கப் போனேன். கடைக்குள்ளே யாரோ பி காம்ப்ளெக்ஸ் டப்பாவைத் திறந்திருக்க வேண்டும். தெரியும்தானே உங்களுக்கு அந்த வாசனை? மூக்கைப் பொத்த வேண்டியதுதான். நான் என்னவோ இழுத்து இழுத்து மோந்துகொண்டு நின்றேன்.

"பெட்டிக்குள்ள ஒரு தாள் உண்டே மோளே, அது வேணும்" என்றேன்.

"இதுக்குத் தாளொண்ணும் இப்ப வாறதில்ல மாமா. பெட்டிமேல கியூஆர் கட்டம் உண்டு, போனைக் காட்டினா மதி, தாளு அதில வரும்" என்றாள் கடைப்பெண்.

ஒன்பதாம் வகுப்பில் படிப்பை விட்டவன் நான். கணக்குப் பரீட்சையை நினைத்து மூன்று நாள் வயிறு போனது; நாலாம் நாள் வயிறு நின்றது, பரீட்சை போயிருந்தது. பிறகு பாறசாலையில் ஸ்டீபன் அண்ணனின் மருந்துக்கடையில் வேலைக்கு நின்றேன். பத்து அட்டை உள்ள பெட்டிக்கு, மருந்தின் விவரம் இங்கிலீஷில் அச்சடித்த ஒரு தாள்தான் வரும். அட்டைகளைத் தனித்தனியாக விற்றுவிட்டால் தாள் அநாதை. தனுவச்சபுரம் காலேஜ் பிள்ளைகள் பஸ்ஸை விட்டிறங்கி வந்து இங்கிலீஷில் ஏதாவது கேட்டால் நான் அண்ணன் முதுகுக்குப் பின்னால் ஒளிவேன். ஆகவே தினம் ஒரு தாள் மனப்பாடம் என்று தீர்மானித்தேன். சும்மா யெஸ், நோ இல்லை கேட்டீங்களா, உயர்ந்த ரகம்.

அதில் ஒரு சிக்கல். என் பயங்களுக்கு அதுவரை பெயர் கிடையாது. இங்கிலீஷ் வந்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தது.

"அண்ணே, பால்பிட்டேஷன்னா என்ன?"

"நெஞ்சு படபடன்னு அடிக்கியதாக்கும்."

அவர் சொல்லி முடிக்குமுன் எனக்கு அடித்தது. வெர்ட்டிகோ என்றால் தலைசுற்றல் என்று தெரிந்த நாளோடு ஏணியில் ஏறுவதை விட்டேன். "எலே, நீ இங்கிலீஷ் படிச்சு முடிக்கதுக்குள்ள கடை மருந்தெல்லாம் உனக்கே தீந்துபோவும்" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

காஞ்சிரங்குளத்துக்காரி ஷீபா அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைதோறும் பஞ்சு வாங்க வருவாள். ஒரு ஆளுக்கு ஏன் இவ்வளவு பஞ்சு என்று நான் கவலைப்பட்டேன். அவள் வருவது பஞ்சுக்கல்ல என்று புரிந்த அன்று நாக்கு வறண்டது. டிரை மவுத், அலர்ஜி மாத்திரைத் தாளில் நாலாவது வரி.

அவளைக் கட்ட வேண்டும் என்றால் அவள் அப்பாவைத் தாண்ட வேண்டும். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். தமிழ் வீட்டுக்கு, மலையாளம் ஆபீசுக்கு, இங்கிலீஷ் மருமகனுக்கு என்பது அவர் கொள்கை. மகள் வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் கூடப் போகிறவன் பெட்டி மாதிரி நிற்கக் கூடாதாம். டிகிரிக்காரர்கள் இரண்டு பேரை ஏற்கெனவே ஓட்டிவிட்டிருந்தார். ஸ்டீபன் அண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் உட்கார வைத்தார்.

"டெல் அபௌட் யுவர்செல்ஃப்" என்றார் பெரியவர்.

நான் படித்த ஒரு தாளிலும் 'நான்' என்று தொடங்கும் வரி கிடையாது. எல்லாம் மருந்தைப் பற்றியது. சரி, நானே மருந்தாகிவிட்டேன்.

"ஐ ஆம் வெல் டாலரேட்டட் இன் அடல்ட்ஸ் அண்ட் எல்டர்லி." பெரியவர்களுக்கும் முதியவர்களுக்கும் நன்றாக ஒத்துக்கொள்வேன்.

அவர் புருவம் ஏறியது. "பேட் ஹாபிட்ஸ்?"

"நோ சீரியஸ் சைடு எஃபெக்ட்ஸ்."

ஸ்டீபன் அண்ணனுக்குப் புரையேறியது.

"மை டாட்டர்? ஹவ் யூ கீப்?"

"இன் எ கூல் அண்ட் டிரை பிளேஸ்." வாய் தானாக ஓடியது. "கீப் அவே ஃப்ரம் சில்ட்ரன்." குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில், குழந்தைகளுக்கு எட்டாமல்.

வாசலில் பழத்தட்டோடு ஷீபா. அந்த வீட்டில் மருந்துத் தாள் படித்திருக்கக்கூடிய ஒரே ஆள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் என் கதை முடிந்தது. பெரியவர் அவள் பக்கம் திரும்பினார். "எப்பிடி மக்கா?"

துப்பட்டா நுனியை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவள் சொன்னாள்: "ஹை லெவல் இங்கிலீஷ் ஆக்கும் அப்பா. எங்க டாக்டர்மாருக்கே இவ்வளவு வராது."

பெரியவர் கண்ணை மூடி யோசித்தார். "ஹார்ட்டியஸ்ட் கிரீட்டிங்ஸ்" என்றார். பிறகு, "ஸ்டார்ட் இம்மீடியட்லி."

உடனே கிளம்பு என்கிறாரே, எழுந்து ஓட வேண்டுமோ என்று செருப்பைத் தேடினேன். "எலே, சம்மதம்னாக்கும் சொல்லுதாரு, இரி" என்று அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

அவருடைய இங்கிலீஷ் முழுக்க தந்தி இங்கிலீஷ், வாழ்த்துக்கும் ஆபத்துக்கும் தபாலாபீசில் அடித்த வரிகள் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் தந்தியிலும் நான் தாளிலுமாகக் கடைசிவரை இங்கிலீஷிலேயே பேசினோம். ஒருவருக்கொருவர் புரியாததால் மாமனார் மருமகன் சண்டை வந்ததே இல்லை. வெளிநாட்டுக்கு யாரும் போகவில்லை. விமானத்தில் காது அடைக்கும் என்று எங்கோ படித்துவிட்டேன்.

தந்தி நின்றுபோனது. கொஞ்ச காலத்தில் அவரும் போனார். இப்போது தாளும் கட்டத்துக்குள் போய்விட்டது.

மாத்திரை வாங்கிய அன்று வீட்டுக்கு வந்து போனைக் கட்டத்தில் காட்டினேன். எறும்பு எழுத்தில் இங்கிலீஷ் இறங்கியது. மூன்றாவது வரியில் பால்பிட்டேஷன். உடனே அடித்தது. "வாசிக்காதீங்கன்னா கேக்க மாட்டீங்களா?" என்று அடுக்களையிலிருந்து ஷீபாவின் குரல். நான் பழக்க தோஷத்தில், மாமனார் உட்காரும் நாற்காலியைப் பார்த்து, "வெல் டாலரேட்டட்" என்று உரக்க வாசித்தேன். என் இங்கிலீஷை முழுசாக நம்பிய ஒரே மனுஷன். பதில் தந்தி வரவில்லை.