பலகார விரதம்

போன மாதம் கோவில்பட்டி டாக்டர் என் வீட்டுக்காரரின் கால் பெருவிரலைப் பார்த்து முகம் சுளித்தார். பருத்திக் காட்டில் கட்டை குத்திய புண்... ஆறவே இல்லை. காரணம்? சர்க்கரை வியாதி!

"சோத்தையும் இனிப்பையும் குறைக்கச் சொன்னேன்லா அண்ணாச்சி? சர்க்கரை இறங்கலன்னா விரலை எடுக்கணும்."

"சோத்தத் தொட்டே ஒரு மாசமாச்சு டாக்டரய்யா. விரதம்லா இருக்கேன்!"

பொய்யில்லை. ஆனால் நம் ஊர் சனிக்கிழமை விரதம் உங்களுக்குத் தெரியாததா? சோறுதான் கூடாது. இட்லி, தோசை, பணியாரம் என்று வயிறு முட்டத் தின்றாலும் பெருமாள் கணக்கில் அது பட்டினி! இவர் வாரம் முழுவதையும் சனிக்கிழமை ஆக்கிவிட்டார். கடம்பூர்ப் பக்கம் போனால் போளி வேறு. (நான் சொல்லச் சொல்ல எழுதுகிற பேத்தி சிரிக்கிறாள். எழுதுடி!)

டாக்டர் சிறுநீரை நீல மருந்தில் கலந்து சூடு காட்டினார். செங்கல் நிறம்! அப்படியென்றால் சர்க்கரை கொட்டிக் கிடக்கிறதாம்.

"நெசமாவே என்ன திங்குதீங்க?"

நான் விடுவேனா? "இவிய சோறு திங்கல டாக்டர். காலைல இட்லி, மத்தியானம் தோசை, ராத்திரி பணியாரம், கடம்பூர் போனா போளி..."

டாக்டர் தலையில் கைவைத்தார். "இட்லியும் அரிசிதான அண்ணாச்சி? போளி மைதா. உள்ள போனா எல்லாம் சர்க்கரைதான்."

"அப்ப கம்பங்களி?"

"அதுவும் அளவாத்தான்."

"பின்ன என்னத்தத் திங்க? கரிசல் மண்ணையா?"

"கீரை, முட்டை, மீன், கோழி... மாத்திரையையும் விடாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை என் முட்டைக் கோழியை அடித்துக் குழம்பு வைத்தேன். அவருக்குக் கோபம்.

"ஏட்டி, விரதக்காரனுக்குக் கோழியா?"

"விரதம் வேணுமா, விரல் வேணுமா? சொல்லுங்க."

மனுஷன் யோசித்தார்... பிறகு எலும்பைக்கூட விடவில்லை. அதன்பின் தோசைக்கல் பரணில் ஏறிவிட்டது. களி ஒரு கை அளவு, கீரை ஒரு சட்டி. போளிக்காரனைக் கண்டால் அவரைத் திருப்பி நடத்துவது என் வேலை.

நேற்று மறுபடி போனோம். மருந்து நீலமாகவே நின்றது; சர்க்கரை இறங்கிவிட்டதாம். புண்ணும் காய்ந்திருந்தது.

"விரல் தப்பிச்சிட்டு அண்ணாச்சி!"

இவர் கண்ணை மூடி, கையைக் கூப்பி, "எல்லாம் நான் இருந்த விரதத்துக்குப் பெருமாள் குடுத்த பலன்" என்றார்.

பெருமாளா? செத்தது என் கோழியல்லவா!