ஏழு மணி அக்கா வாசித்த திருத்தம்

பெற்றவர்கள் வைத்த பெயர் வாக்காளர் பட்டியலோடு சரி. ஊருக்கு அவள் ஏழு மணி அக்கா. மாகாண வானொலியில் மாலை ஏழு மணிச் செய்தியை வருடக்கணக்காக வாசித்தவள். கடையில் சோப்பு கேட்டால்கூட, தலை நிமிராமலே கடைக்காரருக்கு யாரென்று தெரிந்துவிடும். கட்சி அவளைத் தேடி வந்தது அந்தக் குரலுக்காகத்தான். தன் மூளைக்காக வந்தார்கள் என்று அவள் ஒருநாளும் ஏமாந்ததில்லை.

"தேர்தல்ல நிக்கச் சொல்றாங்க," என்றாள் கணவரிடம். அவர் மின்விசிறி பழுதுபார்ப்பவர்.

"இத்தனை வருசம் உக்காந்துதானே பேசுன? கொஞ்சம் நின்னுதான் பாரேன்," என்றார் அவர், கையிலிருந்த விசிறியை விடாமல்.

நின்றாள், வென்றாள். ஆனால் வானொலிப் பழக்கம் லேசில் விடுமா? கடைசி நிமிடத்தில் கைக்கு வரும் தாளைத் தடுமாறாமல் வாசிப்பதுதான் அங்கே கெட்டிக்காரத்தனம். உண்மையா பொய்யா என்று பார்க்க வேறு ஆள் உண்டு. அரசியலில் அந்த வேறு ஆள் கிடையாது என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

அரசு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டை மூடப்போவதாக ஒரு பேச்சு கிளம்பியது. அடுத்த ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். வலி வந்தவளை வைத்துக்கொண்டு யார் பஸ்ஸுக்குக் காத்து நிற்பது? சந்தைத் திடலில் கூட்டம் போட்டார்கள். மேடைப்படி ஏறும்போது கட்சிச் செயலாளர் ஒரு தாளைக் கையில் திணித்தார். 'வார்டு மூடப்படாது, இது உறுதி' என்று தங்குதடையில்லாமல் வாசித்தாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் சிரித்திருக்கும் ஊர், ஏழு மணி அக்கா சொன்னதால் நம்பிக் கலைந்தது.

மறுநாள் காலையிலேயே லாரி வந்து கட்டில்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

செய்தி கேட்டதும் அவள் நேராகச் செயலாளரிடம் போனாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்லையா?"

"ரெண்டு நாள் வாயைத் திறக்காம இருங்கம்மா. ஜனங்க மறந்துடுவாங்க."

"தப்பா வாசிச்சா, வாசிச்சவங்களேதான் மறுநாள் அதே நேரத்துல திருத்தம் வாசிக்கணும். எங்க வழக்கம் அது."

"வாசிச்சா அடுத்த தேர்தல்ல சீட்டு கிடையாது."

"அதை நீங்களே வெச்சுக்குங்க."

அன்று மாலை அதே திடலில், அதே நேரத்தில், மைக்கைப் பிடித்தாள். "நேத்து நான் சொன்னது தப்பு. விசாரிக்காம வாசிச்சுட்டேன்." குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. பாரம் இறங்கியது போலிருந்தது, அதை மறைப்பானேன்.

கூட்டத்தின் நடுவிலிருந்து வார்டு நர்ஸ் எழுந்தாள். "திருத்தம் வாசிச்சாச்சு, சரி. கட்டில் வந்துடுமாக்கா?"

சுருக்கென்று தைத்தது. வானொலியில் திருத்தத்தோடு வேலை முடிந்துவிடும். இங்கே அப்போதுதான் ஆரம்பிக்கிறது. அவள் மைக்கை வைத்துவிட்டு இறங்கி நடந்தாள். பூட்டிக் கிடந்த வார்டின் வாசற்படியில் போய் உட்கார்ந்தாள். நர்ஸ் பக்கத்தில் உட்கார, பாதித் திடல் பின்னாலேயே வந்துவிட்டது. விடிந்ததும் பழைய வானொலி நண்பர்கள் மைக்கோடு வந்தார்கள். கணவர் மாற்றுச் சேலையும் ஒரு தலையணையும் கொண்டுவந்து போட்டுவிட்டு, "இப்பவும் உக்காந்துதான் வேலையா?" என்று கேட்டுப் போனார்.

செய்தி மாகாணம் முழுக்கப் பரவியது. அமைச்சருக்குத் தர்மசங்கடம். சாயங்காலமே லாரி திரும்பி வந்தது, கூடவே செயலாளரும்.

"கட்டில் வந்தாச்சு. எழுந்து, 'வார்டு திறந்தாச்சு'ன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா," என்று ஒரு தாளை நீட்டினார். சுற்றி நின்ற மைக்கெல்லாம் அவள் பக்கம் திரும்பின.

அவள் தாளை வாங்கவில்லை. எழுந்து உள்ளே போனாள். ஒவ்வொரு கட்டிலையும் அழுத்திப் பார்த்தாள். விளக்கைப் போட்டுப் பார்த்தாள், குழாயைத் திறந்து பார்த்தாள், டாக்டர் அறைக் கதவைத் தள்ளிப் பார்த்தாள். திரும்பி வந்தாள்.

"டாக்டர் எங்க?"

"அடுத்த வாரம் வந்துடுவார்மா. நீங்க இப்ப சொல்லிடுங்க."

அவள் தலையணையைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் படியில் உட்கார்ந்தாள்.

"வரட்டும். பார்த்துட்டுச் சொல்றேன்."