பந்தலுக்கும் வரி

அடுத்தவர் வளவுக்குள் அளவுநாடாவோடு நுழைவதுதான் பட்டினசபையில் சோலைவரி, அதாவது வீட்டு வரி, உத்தியோகம். தேத்தண்ணி தருகிறவர்கூட நாம் எப்போது எழும்புவோம் என்றுதான் பார்த்திருப்பார். என்னைப்போல் சபைச் சம்பளம் வாங்கிய உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கம்பு கொடுத்த கை

எழுபதுகளின் நடுவில் ஊர் பஞ்சத்தில் கிடந்தபோது, வீடுவீடாக மரவள்ளிக் கம்பு கொடுத்து நடச் சொன்னவன் நான். ஆட்சி மாறி மாவும் சீனியும் தாராளமாக வந்ததும், எங்கள் சபைக்கு ஊரை அழகாக்கும் ஆசை வந்துவிட்டது. முன்வளவில் மரவள்ளி கூடாது. கொடிப்பந்தல் இருந்தால் கட்டடம் என்று கணக்கெடுத்து வீட்டு வரியைக் கூட்ட வேண்டும்.

அறிவித்தலோடு போனேன். நெசவுக்கார இப்றாகீம் காக்கா மரவள்ளியைப் பிடுங்கிப் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, "கம்பு தந்ததும் நீதானே தம்பி, கிழங்கு அவியுற மட்டும் நிண்டு திண்டுட்டுப் போவன்" என்றார்.

பாகற்காய் மாடி

சல்மா மாமியின் பாகற்பந்தலைச் சபையின் மேற்பார்வையாளரான ஓவசியர் அளந்தார். நாடாவின் மறுமுனை என் கையில். குனிந்து உள்ளே போனவர் நிமிர்ந்தபோது தலை பந்தல் கம்பில் இடித்தது. மாமி கதவோரம் நின்று சொன்னார்: "பாத்து ஐயா, மேல்மாடி இடிஞ்சிரும்!"

இத்தா வீடு

என் பக்கத்து வீட்டு சுலைஹா ராத்தா, கணவர் மவுத்தானதால் விதவைக்குரிய இத்தா இருந்தார். அந்தக் காலம் முடியும்வரை அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்க வேண்டும். சந்தைக்குப் போக ஆளில்லை. முன்வளவுப் புடோல் பந்தல்தான் அவருக்குக் கறி. வரி கூடினால் கட்ட வழியுமில்லை. "இத்தா முடியட்டுமே" என்று ஓவசியரிடம் இழுத்தேன். அவர் முறைத்தார்; வரி கூடாதிருக்கப் பந்தல் கயிறுகளை நானே அறுத்துவிட்டேன்.

பந்தல் சரிந்த பிறகுதான் அதன் பின்னால் கிணறு இருப்பது தெருவுக்குத் தெரிந்தது. தண்ணீர் அள்ள வரும் ராத்தாவை மறைத்து நின்றதும் அந்தக் கொடிதான். பக்கத்து வீட்டுக்காரன் நான், அதைக்கூட யோசிக்கவில்லை. 

வாடிப்போகும் என்று பிஞ்சுகளையெல்லாம் ராத்தா அன்றே அயலுக்குப் பங்கு வைத்துவிட்டார். பின்வேலியால் எங்களுக்கும் வந்தது. சோற்றில் கறியை ஊற்றிய என் மனைவி சொன்னாள்: "பந்தலச் சரிச்ச ஊட்டுக்கும் பங்கு தந்திருக்கா, திண்ணுங்க."

கிடுகு

காலையில் என் காசில் தென்னோலைக் கிடுகு வாங்கிக் கிணற்றை மறைத்துக் கட்டினேன். காய்ந்த ஓலைக்கு வரியில்லை, காய்க்கும் கொடிக்குத்தான். "ராத்தா, இனித் தண்ணி அள்ளலாம்" என்று மூடிய கதவைப் பார்த்துச் சொன்னேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது: "ஓம் தம்பி, அல்லாஹ் உனக்கு நல்லது செய்யட்டும். தண்ணி அள்ளி அடுப்புல வெக்கிறன், அதுக்குள்ள என்னத்தப் போடுற?"

சுலைஹா ராத்தாவின் வரி ஒரு சதமும் கூடாமல் பார்த்துக்கொண்டவன் என்று இன்றைக்கும் ஊரில் எனக்கு நல்ல பெயர்.